கட்டை அவிழ்த்துவிட்டால் போதுமா?

இடம்பெயர்ந்த குடும்பத்தைப் பதியும்போது தலைக்கணக்கு எடுக்கிறார்கள். பெரியவர் எத்தனை பேர், சிறுவர் எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா என்று கேட்கிறார்கள். கொட்டில் ஓரத்தில் நிற்கும் பசுவையோ, வாசலில் படுத்திருக்கும் நாயையோ எவரும் கேட்பதில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தின் உழைப்பிலும் உணவிலும் அவற்றுக்கும் ஒரு பங்கு போகிறது. அந்தப் பங்கை இனிக் கொடுக்க முடியாது என்ற நிலை வந்தால் என்ன செய்வது? இதை நாம் வெளிப்படையாகப் பேசுவது குறைவு. “மனிசருக்கே வழியில்லை, நாய்க்கும் மாட்டுக்கும் என்ன யோசனை?” என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

அந்தக் கேள்வி நியாயமானதே. பிள்ளையின் பால்மாவுக்கு வைத்திருக்கும் காசில் மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கும்படி நாம் எவருக்கும் சொல்லமாட்டோம். பிள்ளைக்கே முதலிடம். ஆனால் தீனி போட முடியாது என்று தெரிந்த பின்னரும் முடிவெடுக்காமல் நாளைக் கடத்துவது வேறு விடயம். வளர்க்க முடியாத பிராணியை இன்னொருவர் கையில் ஒப்படைப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்பதே எமது கருத்து. அதை எவர் பொறுப்பிலும் இல்லாமல் விட்டுவிடுவதுதான் தவிர்க்கப்பட வேண்டியது.

அன்றைய நிலையும் இன்றைய நிலையும்

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தபோது யோசிக்க அவகாசம் இருக்கவில்லை. மாட்டின் கயிற்றை அறுத்து, ஆட்டை அவிழ்த்து, கோழிக்கூட்டைத் திறந்துவிட்டுப் புறப்பட்டவர்கள் பலர். 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் ஊர் ஊராக ஓடியபோதும் அதுவே நடந்தது. கட்டில் நின்று சாகாமல் மேய்ந்தாவது பிழைக்கட்டும் என்ற இரக்கமே அந்தச் செயலில் இருந்தது. அதில் எவரும் குறை காண முடியாது.

இன்று எம்மை நெருக்குவது வேறு விதமான கஷ்டம். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. 2022இல் பொருட்களின் விலை தலைக்கு மேல் ஏறியது. தீவன விலையும் அதோடு ஏறியது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயலின் வெள்ளமும் மண்சரிவும் பல குடும்பங்களை மறுபடியும் வீட்டைவிட்டு எழுப்பின. வெள்ளம் ஓரிரவில் வந்தாலும் அதன் பின்னான பஞ்சம் மாதக்கணக்கில் நீளுகிறது. அதாவது, யோசிக்க எமக்கு நாட்கள் இருக்கின்றன. நாட்கள் இருக்கும்போது கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பார்க்காமல் இருந்தால், எமது சுமையை அயலவர் தலையில் இறக்குகிறோம்.

அவிழ்த்துவிட்டதற்கு என்ன நடக்கிறது?

கட்டாக்காலி மாடு இன்னொரு ஏழையின் பயிரில் வாய் வைக்கிறது. பிரதேச சபை பிடித்தால் தண்டம். களவு போனால் இறைச்சி. இரவில் தெருவில் படுத்தால் வாகனத்தில் அடிபடுகிறது. 2022 டிசம்பரில் கடுங்குளிரும் காற்றும் வந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் செத்துக் கிடந்ததை நாம் கண்டோம். கூரையில்லாமல் வெளியில் நின்ற வாயில்லாச் சீவன்களுக்கு அந்தக் குளிரைத் தாங்க முடியவில்லை.

நாயின் கதை இன்னும் மோசமானது. பசித்த நாய்கள் கூட்டமாகச் சேர்ந்து ஆட்டுக்குட்டியையும் கோழியையும் பிடிக்கின்றன. பெட்டை நாய் இரண்டு மாதத்தில் குட்டி போடும். ஆண்டில் இரு தடவையும் போடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக விசர்நாய்க்கடி இருக்கிறது. இந்நோயால் 1973இல் இலங்கையில் 377 பேர் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அந்தத் தொகை பல மடங்கு குறைந்துள்ளது. நாய்களுக்கும் கடிபட்டவர்களுக்கும் ஏற்றிய தடுப்பூசியே இதற்குப் பெரிய காரணம். நோயின் அறிகுறி தோன்றிய பின் மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். முகாமைச் சுற்றி ஊசி போடாத நாய்கள் பெருகினால் முதலில் கடிபடுவது எமது பிள்ளைகளே.

மாட்டுக்கு ஒரு வழி

முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். மூன்று மாட்டையும் அரைவயிற்றில் வைத்திருப்பதிலும், ஒரு கறவையை ஒழுங்காக வைத்து மற்றவற்றுக்கு வழி தேடுவது மேல். வேலியும் வளவும் எமக்கு இல்லாவிட்டாலும், காணிக்காரரைக் கேட்டுப் பூவரசம் குழையும் சீமைக்கிளுவைக் குழையும் வெட்டலாம். வாழைத்தண்டு கிடைக்கும். அதற்கும் வழியில்லை என்றால் முடிவைத் தள்ளிப்போடக் கூடாது. மாடு எலும்பும் தோலுமான பின் விலை பேசினால் வியாபாரி சொல்வதே விலை. வாங்குபவரும் இறைச்சிக்கே வாங்குவார். உடம்பில் சதை இருக்கும்போது பேசினால், வளர்ப்பதற்கு வாங்குபவரைத் தேடலாம்.

விற்க மனம் இல்லாதவர்களுக்கு எமது ஊர்களில் பழகிய வழி வாரத்துக்கு விடுவதாகும். புல்லும் தண்ணீரும் உள்ள ஒருவர் பசுவை வளர்ப்பார். பால் அவருக்கு. கன்றுகளில் ஒன்று அவருக்கு, ஒன்று எமக்கு என்று பேசிக்கொள்ளலாம். மாடு செத்தால் என்ன, களவு போனால் என்ன என்பதையும் முன்கூட்டியே பேசி, இரண்டு சாட்சிகளோடு ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது. குறிசுட்ட அடையாளத்தையும் அதில் எழுத வேண்டும். மாட்டை இடம் மாற்ற அனுமதிப்பத்திரம் தேவை என்பதையும் மறக்கலாகாது. ஊர் திரும்பும் நாளில் கையில் ஒரு நாகு கன்றாவது இருந்தால், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

நாய்க்கு ஒரு வழி

நாயை எவரும் காசு கொடுத்து வாங்கப்போவதில்லை. ஆனால் பன்றி இறங்கும் வயல்களிலும், காட்டோரத் தோட்டங்களிலும் காவலுக்கு நாய் தேடுவோர் உண்டு. கொடுப்பதற்கு முன் விசர்நாய்த் தடுப்பூசி போட வேண்டும். இது எங்கே, எப்போது நடக்கிறது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம். பெட்டை நாயாயின் கருத்தடை செய்துகொள்வது மிக நல்லது. தெருநாய்களைக் கொல்வதை 2006இல் அரசு கைவிட்டது. ஆகவே, தொகை பெருகாமல் தடுக்க எமக்குள்ள வழி இதுவே. நாயை நாமே கொண்டுபோய், பெயரைச் சொல்லி, ஊசி அட்டையையும் கையில் கொடுத்து ஒப்படைக்க வேண்டும். குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையடியிலோ கோயில் வாசலிலோ போட்டுவிட்டு வருவது எவருக்கும் அழகல்ல.

முதுமையும் தீராத நோயும் வந்த நாயை எவரும் ஏற்கமாட்டார்கள். அதைப் பட்டினியில் விடுவதிலும், மருந்தேற்றி வேதனையின்றி உயிர் பிரியச் செய்யும்படி கால்நடை வைத்தியரைக் கேட்பது இரக்கமான செயல் என்றே நாம் கருதுகிறோம். இதைச் சொல்வது எமக்கும் இலகுவாக இல்லை.

பிள்ளைகளுக்கும் உண்மையைச் சொல்ல வேண்டும். “நாய் ஓடிப்போச்சு” என்று சொன்னால் பிள்ளை நாள்தோறும் வாசலில் பார்த்திருக்கும். வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் இழந்த பிள்ளைக்கு இன்னொரு காத்திருப்பு வேண்டாம். இன்ன ஊரில், இன்னாரிடம் இருக்கிறது என்று சொல்லலாம். முடிந்தால் ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம்.

உதவி செய்வோருக்கும் ஒரு வார்த்தை

இது குடும்பங்கள் தனியாகச் சுமக்கும் காரியமல்ல. இடம்பெயர்ந்தோரைப் பதியும்போதே கால்நடைகளின் கணக்கையும் எடுத்தால் என்ன? நலன்புரி நிலையத்துக்கு அப்பால் பொதுக் கொட்டில் ஒன்றுக்கு இடம் ஒதுக்கினால் என்ன? வாழ்வாதார உதவி என்று மாடு கொடுப்போரும் முதலில் புல் எங்கே என்று கேட்க வேண்டும். 2017 முதல் அவுஸ்திரேலியாவிலிருந்து இறக்கப்பட்ட கறவை மாடுகளை வாங்கிய பண்ணையாளர் பலர், அவற்றைக் காப்பாற்ற முடியாமல் கடனோடு நின்றதை நாடு அறியும். தீனிக்கு வழியின்றிக் கொடுக்கப்படும் மாடு ஏழையின் கடனாகவே முடியும்.

எனவே அடுத்த நிலையக் கூட்டத்தில், தண்ணீரையும் கூரையையும் பற்றிப் பேசிய பின், இந்த விடயத்துக்கும் பத்து நிமிடம் ஒதுக்குவோம். யாரிடம் என்ன பிராணி இருக்கிறது, யாருக்கு வளர்க்க முடியாது, யாரிடம் புல் இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுவோம். எமக்காக உழுததும், பால் தந்ததும், இரவில் குரைத்துக் காவல் இருந்ததும் அவைதான். அவற்றின் முடிவை நாமே எடுத்துக் கொடுப்போம்.