சொல்லைக் கேளாத தூதுவர்கள்

கணினி விளையாட்டுகள் எம் பிள்ளைகளின் பொழுதை விழுங்குகின்றன என்பது பெற்றோர் கூட்டங்கள் யாவற்றிலும் ஒலிக்கும் முறைப்பாடாகும். அம்முறைப்பாட்டில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அவ்விளையாட்டுகளின் உள்ளே என்ன நடைபெறுகின்றது என்பதை எம்மில் எத்தனை பேர் அருகிலிருந்து பார்த்திருக்கின்றோம்? கடந்த குளிர்காலம் வரை நானும் பார்த்தவனல்லன்.

சனிக்கிழமை வகுப்புக்கு வீட்டுவேலை செய்யாது வந்த மாணவன் ஒருவனிடம் காரணம் வினவினேன். "சேர், நேற்றிரவு மூன்று விண்வெளி அரசுகள் சேர்ந்து என்மேல் போர் தொடுத்துவிட்டன" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது; அவன் சிரிக்கவில்லை. "சமாதானம் பேசியிருக்கலாமே" என்றேன். "பேசினேன் சேர். அதற்குப் பேச்சு விளங்காது" என்றான். அவ்விடை பல நாள் என் மனத்தை விட்டகலவில்லை. பெற்றோரின் அனுமதியுடன் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவனருகே அமர்ந்து அவ்விளையாட்டை நானும் பயின்றேன்.

இவ்வகை விளையாட்டில் ஆடுபவர் ஓர் உலகின் ஆட்சியாளர். ஒரு கோளில் தொடங்கி, அயல் விண்மீன்களை ஆராய்ந்து, குடியேற்றங்களை நிறுவி, ஆலைகளும் ஆய்வுகூடங்களும் அமைத்துத் தம் அரசை விரிவாக்குவார். ஏனைய அரசுகளைக் கணினியே ஆளும். அவற்றுடன் வணிகம் செய்யலாம், உடன்படிக்கை செய்யலாம், கூட்டணி அமைக்கலாம், போரும் தொடுக்கலாம். பொருளியலும் அறிவியலும் போரியலும் இணைந்து நிற்கும் இவ்வமைப்பு சிந்தனைக்கு நல்ல பயிற்சி என்பதை மனமார ஒப்புக்கொள்கின்றேன். குறை இராஜதந்திரத்திலேதான் உள்ளது.

நான் ஆண்ட அரசுக்கு ஓர் அண்டை அரசு இருந்தது. அதன் களஞ்சியம் வறண்டபோது உணவும் தாதுப்பொருளும் விலையின்றிக் கொடுத்தேன். அதன் பகைவன் படையெடுத்தபோது என் கப்பல்களை அனுப்பி, அப்பகைவனை அகற்றினேன். பின்னர் என் எல்லைக்குள் வேறொருவன் புகுந்தபோது உதவி கோரினேன். கூட்டாளியின் படை தன் எல்லையிலேயே வட்டமிட்டுக்கொண்டிருந்தது. அப்போர் ஓய்ந்ததும், என் எல்லை தன் எல்லைக்கு மிக அருகே வந்துவிட்டது என்று அதே அரசு உடன்படிக்கையை முறித்தது. எல்லை நெருங்கியதே அதன் பகைவனை நான் அகற்றியதனால்தான்! இதனை எடுத்துரைக்க வழி தேடினேன். வேண்டலாம், கொடுக்கலாம், அச்சுறுத்தலாம். விளக்கம் கூற வழியில்லை. "சேர், நீங்கள் கழித்தல் 12இல் இருக்கிறீர்கள். இன்னும் 13 புள்ளி கிடைத்தால் ஒப்புக்கொள்ளும்" என்று மாணவன் எனக்கு ஆறுதல் கூறினான்.

இக்குறை புதியதன்று. 1993இல் வெளிவந்து இவ்வகைக்கு வழிகாட்டிய மாஸ்டர் ஒவ் ஓரியன் விளையாட்டில் 10 இனங்கள் உண்டு. கணினி ஆளும் அரசர்க்கு ஆளுக்கொரு குணம் வகுக்கப்பட்டிருந்தது: ஒருவன் வாக்குத் தவறாதவன், ஒருவன் ஈவிரக்கமற்றவன், ஒருவன் அமைதி விரும்பி, இன்னொருவன் நிலையற்றவன். நிலையற்றவன் காரணமேதுமின்றித் திடீரெனப் போர் அறிவிப்பான். 2016இல் எமது அயல்நாடாகிய சுவீடனில் உருவாகி வெளிவந்த ஸ்டெல்லாரிஸ் விளையாட்டில் இத்தகைய மறைவு பெரிதும் நீங்கியது. வேண்டுகோளொன்றை ஏற்பதற்கும் மறுப்பதற்குமான காரணங்கள் கூட்டலாகவும் கழித்தலாகவும் திரையிலே தோன்றும். 2020இல் அதில் தூதுவர்களும் சேர்க்கப்பட்டனர். உறவை வளர்க்கவென ஒருவரை அயலரசுக்கு அனுப்பினால் மாதந்தோறும் நல்லெண்ணம் சிறிது சிறிதாக உயரும். அத்தூதுவர் அங்கே என்ன பேசினார் என்று கேட்டால் விடையில்லை. அவர் அங்கே இருந்தார், எண் உயர்ந்தது.

தூதின் சிறப்பைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். வள்ளுவர் தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவையார் தூது சென்ற செய்தியைப் புறநானூறு கூறுகின்றது. தொண்டைமான் தன் படைக்கொட்டிலைப் பெருமையுடன் காட்டினான். அங்கே அழகு குலையாது அடுக்கியிருந்த படைக்கலங்களைப் புகழ்வார் போலப் புகழ்ந்த ஔவையார், எம் மன்னனின் வேல்களோ போரிலே சிதைந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன என்றார். கேட்பவன் மனிதனாயின் அச்சொல்லின் உட்பொருள் அவனைத் தைக்கும். கணினி அரசனோ கொட்டிலை மட்டும் எண்ணிப் பார்த்து, "அதியமானிடம் வேல்கள் குறைவு, கழித்தல் 40" என்று முடித்துவிடுவான்.

இவற்றை ஆக்குவோர் அறிவில்லாதவர் அல்லர். அவர்களுக்கு ஓர் இக்கட்டு உண்டு. கணினி அரசன் வெல்வதற்காகவே ஆடுவானாயின், வெற்றியை நெருங்கும் எவரையும், நண்பரேயாயினும், அவன் தாக்கவேண்டும். அப்போது ஆடுபவர் அவனைத் துரோகி என்பர். நட்புக்கு உண்மையாய் நடப்பானாயின், எந்தப் பரிசிலுக்கு அவன் மயங்குவான் என்பதைச் சில நாளிற் கண்டுகொண்டு அவனை மூடன் என்பர். காரணத்தை மறைத்தால் அவன் பித்தனாகத் தெரிவான். காட்டினால் வெறும் கணக்கேடாகத் தெரிவான். இந்நிலையில் கணக்கை ஒளிக்காது காட்டுவது நேர்மையான வழி என்றே கருதுகின்றேன்.

பேசத் தெரிந்த கணினி வந்தால் இக்குறை தீருமா? டிப்ளோமசி என்பது 1959இல் விற்பனைக்கு வந்த பலகை விளையாட்டு. அதில் 7 பேர் முதலாம் உலகப்போருக்கு முந்திய ஐரோப்பிய வல்லரசுகளாக நின்று, தனித்தனியே பேரம் பேசி ஆடுவர். 2022இல் மெட்டா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சிசரோ என்னும் கணினி நிரலை இணையவழி அதில் ஆடவிட்டனர். அது 40 ஆட்டங்களில் மனிதருடன் எழுத்திலே உரையாடியது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் ஆடியோருள் முதல் 10 வீதத்தினுள் இடம்பெற்றது. பெரும்பாலும் உண்மை பேசுமாறு அதனைப் பயிற்றியதாக ஆக்கியோர் கூறினர். ஆயினும் கூட்டாளிகளை அது ஏமாற்றிய சந்தர்ப்பங்களை வேறு ஆய்வாளர்கள் 2024இல் எடுத்துக்காட்டினர். பேச்சு வந்துவிட்டது. வாக்குத் தவறினால் அக்கணினி இழப்பதற்கு ஆட்டத்தைத் தவிர வேறு என்ன உண்டு?

உடன்படிக்கைக்குப் பெறுமதி வருவது அதன் பின்னே வாழும் மக்களாலேயே ஆகும். 2002 பெப்ரவரியில், நாம் இன்று வாழும் இந்நோர்வே நாட்டின் அனுசரணையுடன் எம் தாயகத்தில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானபோது நான் இளம் ஆசிரியன். ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. ஆண்டுக்கணக்கிற் காணாத உறவினர் பேருந்துகளில் வந்து இறங்கினர். என் வகுப்பில் வெறுமையாய்க் கிடந்த வாங்குகளில் மீண்டும் பிள்ளைகள் அமர்ந்தனர். 2006இல் அவ்வீதி மூடப்பட்டது. 2008 ஜனவரியில் அரசு அவ்வுடன்படிக்கையிலிருந்து விலகியபோது, அது ஏற்கனவே காகிதத்தில் மட்டுமே எஞ்சியிருந்தது. வாங்குகள் மீண்டும் வெறுமையாயின. உடன்படிக்கை முறிந்தது என்று எவரேனும் சொல்லக் கேட்டால், இன்றும் அவ்வாங்குகளே என் கண்முன் தோன்றுகின்றன. ஸ்டெல்லாரிஸில் போர் முடிந்தபின் வரும் போர்நிறுத்தத்தின் காலம் 10 ஆண்டு. காலம் முடிந்த மறுநாள் மீண்டும் போர் தொடுக்கலாம். எந்த வீதியும் மூடப்படுவதில்லை.

அதே விளையாட்டில் அகதிகள் பற்றிய கொள்கை ஒன்றும் உண்டு. யாவரையும் ஏற்கலாம், தம் குடியினத்தவரை மட்டும் ஏற்கலாம், எவரையும் ஏற்காதுவிடலாம். என் மாணவனும் அதனை ஆடுபவன். எவரையும் ஏற்காதே என்பதை அவன் தெரிவுசெய்திருந்தான். "வந்தால் உணவு குறையும், சேர்" என்றான். அருகிலிருந்த அவனது தந்தையார், "நாங்கள் வந்தபோது இந்த நாடு எதைத் தெரிவுசெய்தது, தம்பி?" என்று மட்டும் கேட்டார். அவன் விடை கூறவில்லை. அடுத்த வாரம் நான் சென்றபோது அத்தெரிவு மாறியிருந்தது. கணினி அவனுக்கு ஒருபோதும் கேட்டிராத கேள்வி அது.

ஆகவே பெற்றோர்களே, திரையை அணைப்பதற்கு முன் ஒருமுறையேனும் அருகில் அமருங்கள். "அவன் ஏன் மறுத்தான்? அவன் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். அதனைத் தமிழிலே கேளுங்கள். விடையும் தமிழிலே வரும்வரை பொறுத்திருங்கள்.

மாணவச் செல்வங்களே, கணினி அரசனின் மறுப்புக் கண்டு சினங்கொள்ளாதீர்கள். அது கூட்டல் கழித்தல் கணக்கு. ஆனால் உலகின் இராஜதந்திரமும் இவ்வளவுதான் என்று எண்ணிவிடாதீர்கள். மாதத்தில் ஒரு நாளேனும் நண்பர்களை ஒரே மேசையில் கூட்டி, முகம் பார்த்துப் பேரம் பேசி விளையாடுங்கள். அங்கே வாக்குக் கொடுப்பவனும் உங்கள் நண்பன். வாக்குத் தவறினால் திங்கட்கிழமை பாடசாலையில் மீண்டும் அவன் முகத்தைப் பார்க்கவேண்டும். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றிய எண்ணமே தூதுக்கு முதற்பாடம் என்பது என் தாழ்மையான கருத்து.