ஒரே பயிற்சியாக நடத்துங்கள்: பள்ளிகளில் தற்கொலைத் தடுப்பு, இணையவழித் துன்புறுத்தல் தடுப்பு குறித்து எங்கள் நிலைப்பாடு

விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் பொருந்தும் 15 நெறிமுறைகளை வகுத்தது. கல்வி நிலையங்களின் ஆசிரியர்களும் பிற பணியாளர்களும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி பெறவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. உளவியல் முதலுதவி, அபாய அறிகுறிகளைக் கண்டறிதல், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் மாணவரை அணுகும் விதம், தக்க உதவிக்கு அனுப்பிவைத்தல் ஆகியவை அதன் பாடங்கள். இதை நாங்கள் முழுமனதுடன் வரவேற்கிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். எல்லா வயதினரையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அந்த ஆண்டில் மட்டும் இங்கே 19,834 உயிர்கள் போயின. ஆகவே பயிற்சி தேவையா என்பது எங்கள் கேள்வியன்று. அது எப்படி அமையவேண்டும் என்பதைப் பற்றியே பேசுகிறோம். தற்கொலைத் தடுப்பையும் இணையவழித் துன்புறுத்தலைக் கையாள்வதையும் ஒரே பயிற்சியில், ஒரே ஆட்களுக்குக் கற்பிக்கவேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

இப்போது பெரும்பாலான பள்ளிகளில் இவை தனித்தனிப் பாதைகளில் போகின்றன. இணையப் பாதுகாப்பு என்றால் காவல்துறையிலிருந்து ஒருவர் வந்து கடவுச்சொல், ஓ.டி.பி. மோசடி பற்றிப் பேசிவிட்டுப் போவார். மனநலம் என்றால் தேர்வு பயம் பற்றி ஓர் ஆலோசகர் பேசுவார். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தன் படம் கேலிப்பொருளாகச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை இரண்டு பேச்சிலும் இடம்பெறுவதில்லை. ஆனால் சான்றுகள் இரண்டையும் சேர்த்தே காட்டுகின்றன. ஸ்வான்சீ பல்கலைக்கழகத்தின் ஆன் ஜான் தலைமையில் 2018-இல் வெளியான தொகுப்பாய்வு, 30 நாடுகளில் 1,50,000-க்கும் மேற்பட்ட இளையோரைப் பற்றிய ஆய்வுகளை ஆராய்ந்தது. இணையத்தில் துன்புறுத்தப்பட்டவர்கள் தங்களைக் காயப்படுத்திக்கொள்வதற்கும் தற்கொலைக்கு முயல்வதற்கும் உள்ள வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் என்று அது கண்டது. பலரும் கவனிக்காத இன்னொரு முடிவும் அதில் உண்டு: துன்புறுத்துகிறவர்களுக்கும் தற்கொலை எண்ணம் வரும் வாய்ப்பு கூடுதலாகவே இருக்கிறது. அப்படியென்றால், புகார் வந்த மறுநாளே அந்த மாணவரைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நிறுத்தி அவமானப்படுத்துவதும் டி.சி. கொடுத்து அனுப்புவதும் பிரச்சினையைத் தீர்க்காது. அது இரண்டாவது உயிரையும் ஆபத்தில் நிறுத்தக்கூடும். தண்டனையே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. விசாரணை நடத்துகிறவருக்கு இரு தரப்புப் பிள்ளைகளின் மனநிலையையும் கேட்டறியத் தெரிந்திருக்கவேண்டும்.

கைப்பேசியைப் பறிப்பதுதான் பெரியவர்களுக்கு முதலில் தோன்றும் வழி. சொன்னால் ஃபோன் போய்விடும் என்ற அச்சமே பல பிள்ளைகளின் வாயை அடைத்துவைக்கிறது. பயிற்சி பெற்றவர் முதலில் கேட்பார். யார் அனுப்பியது என்று துருவுவதற்கு முன், “சாகணும்னு தோணுதாப்பா?” என்று தயங்காமல் கேட்பார். ஸ்கிரீன்ஷாட்டைச் சான்றாகப் பத்திரப்படுத்துவார். தவறான படங்களென்றால் அவற்றை வேறு யாருக்கும் அனுப்பாமல் காவல்துறையிடம் தெரிவிப்பார். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் அதைத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். எனவே “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காமல், யாரிடம், எதற்காகச் சொல்லப்போகிறோம் என்பதைப் பிள்ளையிடமே நேர்மையாக விளக்கும் பக்குவம் வேண்டும். சட்டம் மட்டும் தெரிந்தவரால் இது முடியாது, மனநலம் மட்டும் தெரிந்தவராலும் முடியாது.

சாகத் தோன்றுகிறதா என்று இப்படி வெளிப்படையாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகாதா என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். பிள்ளைமேல் உள்ள அன்பில் பிறந்த அச்சம் அது. 2005-இல் மேடலின் கூல்டு குழுவினர் நியூயார்க் மாநில உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தனர். தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டவர்களின் மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த மாணவர்களுக்கும் அதனால் கேடு நேரவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஆய்வாளர்களிடமிருந்தே வருகிறது. ஐரோப்பாவின் 10 நாடுகளில், 168 பள்ளிகளில், 11,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சியளித்த பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. மாணவர்களோடு நேரடியாக உரையாடி, நடித்துப் பழகவைத்த திட்டத்திலோ ஓராண்டுக்குப் பின் தற்கொலை முயற்சிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. இந்த முடிவை நாங்கள் ஒதுக்கித் தள்ளவில்லை, எங்கள் கோரிக்கைக்குள் சேர்த்துக்கொள்கிறோம். ஆசிரியர் பயிற்சியோடு மாணவர் வகுப்புகளும் நடக்கவேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை முதலில் பார்ப்பது பெரும்பாலும் பக்கத்து இருக்கை மாணவர்தான். அவர் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரிந்திருந்தால் போதாது, சொல்லப்படுகிறவருக்கும் என்ன செய்வதென்று தெரிந்திருக்கவேண்டும். அமெரிக்காவில் 2004-ஆம் ஆண்டின் இளையோர் தற்கொலைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பயிற்சிகள் நடந்த மாவட்டங்களில் அடுத்த ஆண்டு இளையோர் தற்கொலை குறைந்தது, பிறகு அந்தப் பலன் மங்கியது. பல ஆண்டுகள் விடாமல் நடத்திய இடங்களில் பலன் நீடித்தது. ஒருநாள் கருத்தரங்கும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் யாரையும் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஆசிரியர்களின் பணிச்சுமையை நாங்கள் அறிவோம். அவர்கள் மருத்துவர்களாகவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது, உடன் இருப்பது, உரியவரிடம் ஒப்படைப்பது ஆகிய மூன்று மட்டுமே அவர்கள் வேலை. ஒப்படைக்க ஆள் இல்லாத பள்ளியில் பயிற்சி கொடுப்பது ஆசிரியருக்கும் அநீதி. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்கவேண்டும் என்ற நீதிமன்ற நெறிமுறையை அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, தனிப்பயிற்சி மையம் என்ற பேதமின்றி நிறைவேற்றவேண்டும். பயிற்சியில் விடுதிக் காப்பாளர், வாகன ஓட்டுநர், காவலாளி, தூய்மைப் பணியாளர் அனைவரும் இடம்பெறவேண்டும். பி.எட். பாடத்திட்டத்தில் இதற்குச் செய்முறைப் பயிற்சி வேண்டும். 24 மணி நேரமும் இயங்கும் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ ஒவ்வொரு வகுப்பறையிலும் எழுதிவைக்கவேண்டும். பயிற்சி பெறுகிற ஒவ்வொருவரும் அந்த எண்ணை ஒருமுறையாவது தாமே அழைத்து, மறுமுனையில் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.