முற்றுகைக்கு நடுவே ஒரு நிலப் பத்திரம்

நிலம் வாங்க அதைவிட மோசமான நேரம் இருந்திருக்காது. கி.மு. 587 வாக்கில் பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருந்தது. மதிலை எட்ட வெளியே மண்மேடு எழும்பிக்கொண்டிருந்தது. உள்ளே பசியும் கொள்ளைநோயும். அந்த நாட்களில், அரண்மனைக் காவல் முற்றத்தில் அடைபட்டிருந்த ஒரு கைதி, 17 சேக்கல் வெள்ளி கொடுத்து ஒரு வயலை வாங்கினார். வயல் இருந்தது ஆனதோத் கிராமத்தில். எருசலேமிலிருந்து வடகிழக்கே 5 கிலோமீட்டர்தான். ஆனால், நடுவே எதிரிப் படை.

வாங்கியவர் எரேமியா தீர்க்கதரிசி. இந்த நகரம் விழும், அரசன் சிதேக்கியா தப்ப மாட்டான் என்று ஓயாமல் சொல்லிவந்ததற்காகவே அவரை அடைத்து வைத்திருந்தார்கள். அதாவது, 'இந்த மண் கைவிட்டுப் போகப்போகிறது' என்று ஊரிலேயே உறுதியாக நம்பிய மனிதர்தான் அந்த மண்ணைக் காசு கொடுத்து வாங்கினார்.

விற்க வந்தவர் அவருடைய பங்காளி, அனாமெயேல். எபிரேயரின் சட்டப்படி, குடும்ப நிலம் விலைக்கு வந்தால் நெருங்கிய உறவுக்காரரே அதை மீட்டுக்கொள்ள வேண்டும். அந்த உரிமையைச் சொல்லித்தான் அனாமெயேல் காவல் முற்றத்துக்கு வந்தார். ஆனதோத்துக்காரர்கள் இதற்கு முன்பு எரேமியாவை எப்படி நடத்தினார்கள் தெரியுமா? கடவுளின் பெயரால் இனி பேசினால் கொன்றுவிடுவோம் என்று மிரட்டியவர்கள். அப்போதெல்லாம் ஞாபகம் வராத சொந்தம், நிலத்தைத் தள்ளிவிட வேண்டிய நேரத்தில் ஞாபகம் வந்திருக்கிறது!

அனாமெயேல் வருவார் என்று கடவுள் முன்கூட்டியே சொன்னதாக எரேமியாவின் புத்தகம் கூறுகிறது. ஆனால், பங்காளி நேரில் வந்து நின்ற பிறகுதான் அது கடவுளின் வார்த்தை என்று அறிந்துகொண்டதாக எரேமியாவே சொல்கிறார். இன்னொன்று: அவருக்கு மனைவி, பிள்ளைகள் கிடையாது. திருமணம் செய்யக் கூடாது என்பது அவருக்கு வந்த கட்டளை. நிலத்தை யாருக்கு விட்டுப்போவது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

இருந்தும் பத்திர வேலை ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அங்கே நாணயம் புழக்கத்துக்கு வராத காலம் அது. வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார்கள். ஒரு சேக்கல் சுமார் 11 கிராம் என்றால், மொத்தம் 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். ஒரு பிரதி முத்திரையிட்டு மூடப்பட்டது, இன்னொன்று திறந்தபடி விடப்பட்டது. பிற்பாடு தகராறு வந்தால் மூடிய பிரதியை உடைத்துச் சரிபார்ப்பதற்கான ஏற்பாடு இது. முற்றத்தில் இருந்த எல்லோருடைய கண் முன்னாலும் அவற்றைத் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, நெடுங்காலம் கெடாமல் இருக்க ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார் எரேமியா. வீடுகளும் வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் இந்த நாட்டில் மறுபடி விலைக்கு வாங்கப்படும் என்பதுதான் அதற்கு அவர் சொன்ன காரணம்.

இப்படி முத்திரையிட்ட பத்திரங்கள் அன்று எருசலேமில் இருந்ததற்கு மண்ணுக்கு அடியிலேயே சான்று கிடைத்திருக்கிறது. 1982-ல் தொல்லியலாளர் யிகல் ஷிலோவின் குழு, பாபிலோனியர் எரித்த ஒரு கட்டடத்தில் 51 களிமண் முத்திரைகளைக் கண்டெடுத்தது. அவை கட்டியிருந்த சுருள்கள் எல்லாம் சாம்பல். ஆனால், அதே நெருப்பு களிமண்ணைச் சுட்டுக் கெட்டியாக்கிவிட்டது. ஒரு முத்திரையில் சாப்பானின் மகன் கெமரியா என்ற பெயர். எரேமியாவின் புத்தகத்தில் வரும் அதே பெயர்.

சரி, பத்திரம் முடிந்த பிறகு எரேமியாவின் மனநிலை எப்படி இருந்தது? இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் இடம் இதுதான். வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளும் கையெழுத்துப் போட்ட பிறகு, அவர் ஜெபிக்கிறார். வானத்தையும் பூமியையும் படைத்தவரே என்று கம்பீரமாகத்தான் தொடங்குகிறது. போகப்போக விஷயத்துக்கு வருகிறார்: நகரம் எதிரி கைக்குப் போய்விட்டது, மண்மேடு மதிலைத் தொடுகிறது, நீரே பார்க்கிறீர், அப்புறம் ஏன் என்னை நிலம் வாங்கச் சொன்னீர்? சந்தேகம் தீர்ந்த பிறகு அவர் வாங்கவில்லை. வாங்கி முடித்துவிட்டுத்தான் கேட்கிறார். கேட்டதற்காகக் கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை. அழிவை வரச்செய்த நானே நன்மையையும் வரச்செய்வேன் என்கிறார். பென்யமீன் நாட்டில் மறுபடி நிலம் விற்பார்கள், பத்திரம் எழுதுவார்கள், சாட்சி வைப்பார்கள் என்று விவரமாகவே பதில் வருகிறது.

அன்று நம்பிக்கை சொன்ன ஒரே ஆள் எரேமியா அல்ல. சில ஆண்டுகளுக்கு முன்பு அனனியா என்றொரு தீர்க்கதரிசி, பாபிலோனுக்குக் கொண்டுபோனவர்களும் கோயில் பாத்திரங்களும் 2 ஆண்டுகளில் திரும்பிவிடும் என்று கோயிலிலேயே அறிவித்தார். அதற்கு எரேமியா முதலில் சொன்ன வார்த்தை, 'ஆமென்'. அப்படியே ஆகட்டும் என்றுதான் அவருக்கும் ஆசை. ஆனால், அது கடவுள் சொன்னதல்ல என்று தெரிந்ததும் மறுத்தார். பாபிலோனில் இருந்தவர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில் 70 ஆண்டு என்று இருந்தது. அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள் என்றார். எதிர்காலத்தைப் பற்றிய நல்ல நினைவுகள் என்று புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வரும் வசனம், இந்தக் கடிதத்தில் இருப்பதுதான். அதற்கு முந்தைய வசனத்தில் அந்த 70 ஆண்டு இருக்கிறது. அட்டையில் அதைப் போடுவதில்லை.

நகரம் விழுந்தது. கோயில் எரிந்தது. எரேமியாவுக்குப் பாபிலோனியர் விடுதலை கொடுத்தார்கள். பாபிலோனுக்கு வந்தால் பராமரிக்கிறோம் என்றும் சொன்னார்கள். அவர் மண்ணில் மிஞ்சியிருந்த ஏழைகளோடு தங்கினார். ஆனால், ஆளுநர் கெதலியா கொல்லப்பட்டதும் பயந்துபோன மக்கள் எகிப்துக்குக் கிளம்பி, போக வேண்டாம் என்று தடுத்த எரேமியாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவருடைய புத்தகத்தில் அவரைக் கடைசியாகப் பார்ப்பது எகிப்தில்தான். ஆனதோத் வயலில் அவர் ஒரு படி தானியம் அறுத்ததாக எங்கேயும் இல்லை. அந்த மண்பாண்டத்தைப் பற்றியும் பிறகு பேச்சில்லை.

கி.மு. 539-ல் பாரசீக அரசர் கோரேசு பாபிலோனைப் பிடித்தார். யூதர்கள் திரும்பிப் போகலாம் என்று அனுமதி வந்தது. திரும்பிய 42,360 பேரின் கணக்கை எஸ்றாவின் புத்தகம் 2-ம் அதிகாரத்தில் ஊர் ஊராகவும் குடும்பம் குடும்பமாகவும் தருகிறது. வேகமாகப் புரட்டிவிடத் தோன்றும் பட்டியல். அதன் 23-ம் வசனத்தில் ஆனதோத்தின் மனிதர் 128 பேர். எரேமியாவின் பிள்ளை என்று சொல்ல அதில் ஒருவரும் இருக்க வழியில்லை. நெகேமியாவின் புத்தகமும் அதே 128-ஐச் சொல்லி, பிற்பாடு பென்யமீன் மக்கள் குடியிருந்த ஊர்களின் வரிசையில் ஆனதோத்தையும் எழுதிவைத்திருக்கிறது.