பாடு யாருக்கு? படுபாடு யாருக்கு?

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பமொன்றில், வலை உலர்த்தும் மணல்வெளியில், இரண்டு மூங்கில்களை நட்டு வெள்ளைத் துணியொன்றைக் கட்டுவோம். பொழுது சாயட்டும். சமுதாய மாற்றம் பேசும் ஆவணப்படங்கள் மூன்றினைக் காட்டுவோம். காட்டுவது எளிது, கண்டவர் கைதட்டுவதும் எளிது. கைதட்டல் ஓய்ந்தபின் என்ன பேசப் போகிறோம்? தோழர்களே, இதுதான் நமது கேள்வி!

படத்தின் ஆற்றலை நாம் குறைத்து மதிப்பவரல்லர். மேடையையும் வெள்ளித்திரையையும் பகுத்தறிவின் படைக்கலமாக்கிய நாடு இது. 1948இல் இந்திய அரசு திரைப்படப் பிரிவை நிறுவிற்று. அதன் செய்திச் சுருள்கள் பல்லாண்டுகள் திரையரங்குதோறும் ஓடின. அணை எழுந்தது கண்டோம். ஆலை எழுந்தது கண்டோம். மண் சுமந்தவன் இரவில் எந்தக் குடிசையில் படுத்தான் என்பதை எத்தனை முறை கண்டோம்? அந்தக் குறை தீர்க்கவே தனி மனிதர் சிலர் படக்கருவி ஏந்தினர்.

முதற்படம், ஆனந்த் பட்வர்தன் 1998இல் எடுத்தது. பெருங்கப்பல்களும் இறால் பண்ணைகளும் மீனவன் வாழ்வைச் சூறையாடுவதையும், அவன் எதிர்த்து நிற்பதையும் காட்டுவது. கரையோர இறால் பண்ணைகளுக்கு எதிராக, ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை நாம் அறிவோம். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்துக் குரலெழுப்பிய மக்கள் இந்தப் படத்தைக் கண்டு ஆர்ப்பரிப்பர். ஏன் ஆர்ப்பரிக்கமாட்டார்? எதிரி வெளியூரான்! கைதட்டத் தடையேது?

அடுத்து, அமுதன் 2003இல் எடுத்த ‘பீ’. மதுரைத் தெருவில் மலம் அள்ளும் ஒரு பெண்ணின் அன்றாட வேலை. அதன்பின், திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’. 2017இல் வெளிவந்து, பல ஊர்களில் திரையிட இசைவு மறுக்கப்பட்ட படம். கண்டவர் கண் கலங்குவர், “ஐயோ, பாவம்!” என்பர். அந்த இரக்கத்துக்கும் தடையில்லை. மதுரை தொலைவில் உள்ளதல்லவா?

நான்காவது படமொன்று உண்டு. அதற்குத் திரை வேண்டாம், விளக்கு வேண்டாம். முகத்தைத் திருப்பி ஏரியைப் பார்த்தால் போதும்!

மீன் திரளும் இடத்தில் இன்ன நாள் இன்னார் வலையிடுவதென்று முறை வைத்துப் பகிரும் வழக்கம் அங்கே உண்டு. ‘பாடு’ என்பது அதன் பெயர். அந்த உரிமை காலங்காலமாக யாருக்கு? பட்டினவர் குலத்தில் பிறந்த ஆணுக்கு! அதே கரையில் குடியிருக்கும் ஆதிதிராவிட மீனவனுக்கு இல்லை. இருளருக்கு இல்லை. மீன்கூடை சுமந்து சந்தைக்கு நடந்து, வீட்டுக்கு உலை வைக்கும் பட்டினவப் பெண்ணுக்கும் இல்லை. இருளர் பெண்ணோ, ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்று நீரில் அமர்ந்து, கையால் துழாவி இறால் பிடிக்கிறாள். ஒருவருக்குப் பாடு, மற்றவர்க்குப் படுபாடு!

“பாட்டைக் குலைத்தால் ஏரியே பாழாகும், அவனவன் நினைத்தபடி வலை வீசினால் குஞ்சும் மிஞ்சாது” என்பர் பெரியவர்கள். பாதி உண்மை. அந்தப் பாதியை நாம் மனமார ஏற்கிறோம். ஊர் கூடி வகுத்த ஒழுங்கு, எங்கோ எழுதப்பட்ட அரசாணையினும் மேலானது. ஆயின் மீனைக் காப்பது முறையா, பிறப்பா? குஞ்சு தப்புவது வலையின் கண்ணளவைப் பொறுத்தா, வலையிட்டவன் குலத்தைப் பொறுத்தா? முறை இருக்கட்டும், பிறப்பு போகட்டும்!

“மீன் அருகிவிட்டது, எங்களுக்கே போதவில்லையே!” என்பர். அதுவும் மெய். முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் எல்லா வலையும் வெறுமையாகத்தான் திரும்பும். அந்த வறுமைக்குச் சாதியில்லை. துறைமுகத்தை எதிர்க்கும் ஊர்வலத்தில் “வா, தோழா!” என்று அழைத்து, மறுநாள் ஏரியில் “நில், அப்பால்!” என்றால், அழைக்கப்பட்டவன் எத்தனை நாள் உடன் வருவான்? பிளவுபட்ட கரையைப் பெருமுதலாளி விழுங்குவது எளிதன்றோ?

பழவேற்காட்டில் 1613இல் கெல்திரியா கோட்டை கட்டிய டச்சுக்காரர், அந்நூற்றாண்டிலே இங்கிருந்து மனிதரை அடிமைகளாகக் கப்பலேற்றினர். அந்தக் கப்பல்கள் போயின, கோட்டை இடிந்தது. பிறப்பால் மனிதனை அளக்கும் கோல் மட்டும் இன்னும் முறியவில்லையே!

நம்மையும் நாமே கேட்டுக்கொள்வோம். படம் காட்டிவிட்டு, பொன்னேரிக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிப்பதோடு கடமை முடிந்ததா? ஊராரின் சினத்துக்கு அஞ்சி, வெளியூர்ப் பகைவனை மட்டும் காட்டித் திரும்பினால், நாம் வேடிக்கை காட்டுவோரே, சீர்திருத்தக்காரரல்லர்.

ஆகவே இளைஞர்களே, படம் முடிந்ததும் துணியை அவிழ்க்காதீர்! பாடு மறுக்கப்பட்டோரை முன்வரிசையில் அமர்த்துங்கள்; முதற்பேச்சை அவர்களுக்கு விடுங்கள். பெண்கள் பேசட்டும். பாடுடையோரும் மறுமொழி கூறட்டும். விடியுமட்டும் வாதம் நடக்கட்டும். அடுத்த சீட்டுக் குலுக்கலில் புதிய பெயர் ஒன்றேனும் சேருமானால், அந்த மாலைதான் மாற்றத்தின் மாலை. சேராவிடில், மீண்டும் மூங்கில் நடுவோம். மீண்டும் துணி கட்டுவோம்!