லீக் இருக்கிறது, ஏணி எங்கே?

நம் நாட்டில் இணையக் கார்ப் பந்தயங்களுக்குக் குறைவில்லை. கிரான் டுரிஸ்மோ விளையாட்டில் யு.எம்.டபிள்யூ டொயோட்டா நடத்தும் போட்டியில் முன்னணிக்கு வருபவர்கள் ஆசிய வட்டாரம்வரை போகலாம். 2023 ஜூனில் சிங்கப்பூரில் நடந்த ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரத்தில் இந்த விளையாட்டு இருந்தது. 2026 ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டுப் போட்டியின் பட்டியலிலும் இருக்கிறது. “கேம் விளையாடி என்ன கிழிக்கப் போகிறாய்?” என்று கேட்கும் பெற்றோருக்குச் சொல்ல இப்போது ஒரு பதில் உண்டு.

என் கவலை வேறு. கேமரன் மலையில் ரிங்லெட்டிலோ, கம்போங் ராஜாவிலோ, போ தேயிலைத் தோட்டத்திலோ இருக்கும் படிவம் இரண்டு மாணவன் எங்கிருந்து தொடங்குவது? ஆசை இருந்தால் நேராகத் தகுதிச் சுற்றுக்குப் போக வேண்டும். அங்கே சொந்த ஸ்டியரிங், பெடல், அசையாத நாற்காலி எல்லாம் வைத்துப் பல ஆண்டுகளாகப் பழகிய பட்டணத்து அண்ணன்கள் காத்திருப்பார்கள். ஒரே நாளில் வெளியேறுவான். மறுமுறை பெயர் கொடுக்க மாட்டான்.

அதனால்தான் சொல்கிறேன்: புதிதாக இன்னொரு பெரிய லீக் வேண்டாம். இருக்கும் லீக்குகளுக்கு ஓட்டுநர்களைத் தயார்செய்து அனுப்பும் கீழ்நிலைத் தொடர்கள் வேண்டும். அவை பள்ளிகளில் தொடங்க வேண்டும், மலைப் பள்ளிகளையும் சேர்த்து.

உச்சி மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு செப்பாங்கே சாட்சி. 1999 முதல் 2017 வரை அங்கே 19 முறை ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. 2001இல் மினார்டி அணிக்கு ஓட்டிய அலெக்ஸ் யூங்தான் அந்தப் பந்தயத்தில் இறங்கிய முதல் மலேசியர். 2002க்குப் பிறகு இன்னொரு மலேசியர் அதில் ஓட்டவில்லை. உலகத் தரமான தடம் இருந்தது. அதுவரை ஏறிவர எளிய பிள்ளைகளுக்குப் படி இல்லை. கோ-கார்ட், ஃபார்முலா 4, 3, 2 என்று ஏறும் பாதையின் முதல் படிக்கே தோட்டத் தொழிலாளியின் சம்பளம் எட்டாது.

கோயம்புத்தூர்க்காரர் எஸ். கரிவரதன் இந்தச் சிக்கலை வேறு விதமாகப் பார்த்தார். 1980களின் இறுதியில், ஊரெங்கும் ஓடிக்கொண்டிருந்த மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்ற பெயரில் அவை ஓடின. வெளிநாட்டுக் காரை வாங்க வழியில்லாத இளைஞர்களுக்கு அதுதான் நுழைவாயில். அப்படி ஓட்டிப் பழகியவர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். (அந்த ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில் அவர் நான்காவதாக வந்தபோது ஓடியவை ஆறு கார்கள்தாம் என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. அந்த ஆறில் ஒன்றில் உட்கார்ந்திருந்தாரே!) கரிவரதன் 1995இல் மறைந்தார். கோவை அருகே உள்ள பந்தயத் தடத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

நமக்கு எஞ்சின்கூடத் தேவையில்லை. ஒரு கேம் கருவி, ஒரு திரை, சாதாரணக் கைப்பிடி போதும். கீழ்நிலைத் தொடரில் எல்லாரும் ஒரே கார், ஒரே அமைப்பு, ஒரே வகைக் கைப்பிடி என்று விதி வைத்துவிட்டால், வீட்டில் ஸ்டியரிங் வாங்கியவனுக்குத் தனிச் சலுகை இல்லாமல் போகும். பெண்களுக்குத் தனிப் பிரிவும் வேண்டாம். ஒரே பட்டியலில் எல்லாரும் ஓட்டலாம்.

இணைய வேகம்? நியாயமான கேள்விதான். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் ஒரு வினாடியில் ஏறக்குறைய 55 மீட்டர் நகர்கிறது. இணைப்பு 0.2 வினாடி தாமதித்தால், பக்கத்துக் கார் இருப்பதாகத் திரை காட்டும் இடத்துக்கும் அது உண்மையில் இருக்கும் இடத்துக்கும் 11 மீட்டர் வித்தியாசம். மலைச்சரிவில் இருக்கும் பிள்ளை செய்யாத விபத்துக்குத் தண்டனை வாங்குவான். ஆகவே முதல் படியை நேரப் பந்தயமாக வைக்கலாம். தனியாக ஓட்டு, கடிகாரத்தோடு போட்டியிடு. இணைப்பு தடுமாறினாலும் சுற்று நேரம் மாறாது. நேருக்கு நேர் மோதும் இரண்டாம் படியைத் தானா ராத்தா போன்ற ஓரிடத்தில் ஒரே அறையில் கூடி நடத்தலாம்.

மேலே ஏற்றுவது யாரை? முதலில் வந்தவனை மட்டும் என்றால் முரடர்கள்தான் ஏறுவார்கள். 2008இல் தொடங்கிய ஐரேசிங் தளத்தின் முறை எனக்குப் பிடிக்கும். அங்கே புதியவர் ரூக்கி; பிறகு டி, சி, பி, ஏ என்று உரிமம் உயர்கிறது. தடத்தைவிட்டு வெளியேறினால் 1 புள்ளி, கட்டுப்பாடு இழந்தால் 2, பலமாக மோதினால் 4 என்று குற்றப்புள்ளி சேரும். அது அதிகமானால் எத்தனை வெற்றி இருந்தாலும் உரிமம் உயராது. தாப்பா சாலையின் வளைவுகளில் மோட்டார் சைக்கிளில் சாகசம் காட்டத் துடிக்கும் வயதில், மோதாமல் ஓட்டுவதற்கு மதிப்பெண் கிடைக்கும் ஒரே இடம் இதுவாகக்கூட இருக்கலாம்.

ஒரே நிறுவனத்தின் தயவில் இந்த ஏணி நிற்கக்கூடாது. 2023இல் வந்த கிரான் டுரிஸ்மோ படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஜான் மார்டன்பரோவை 2011இல் நிஜப் பந்தயத்துக்கு அனுப்பிய ஜிடி அகாடமி 2016க்குப் பிறகு தொடரவில்லை. படம் வந்தபோது அந்தக் கதவு மூடி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. பள்ளியின் புறப்பாட நடவடிக்கையாகப் பதிவானால், விளம்பரதாரர் போனாலும் மன்றம் இருக்கும்.

எஸ்.பி.எம். என்னாகும் என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், மன்ற அறையில் மட்டும் என்பது என் பதில். ஓட்டுவோர் மட்டுமல்லாமல், சுற்று நேரத்தைக் கணக்கிடுபவர், மோதல் காட்சியைத் திரும்பப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர், தமிழில் வர்ணனை செய்பவர் என்று ஒரு மன்றத்துக்குப் பத்துப் பேர் தேவைப்படும். அந்த வேலைகளை விரும்பி எடுப்பவர்களும் இருப்பார்கள்.

முதல் தொடருக்கு மலையில் நான்கு பள்ளிகள், பள்ளிக்கு ஒரு கருவி, ஒரு தவணை போதும். வாரக் கடைசியில் சுற்று நேரப் பட்டியலைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். அடுத்த வாரம் யார் வருகிறார்கள் என்று பார்ப்போம்.