வீடே ஆபீஸ்: செலவு யார் தலையில்?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. சிறு கம்பெனிகளும் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, குமாஸ்தாக்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. பஸ் செலவும் அலைச்சலும் மிச்சம். நல்ல ஏற்பாடுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கரண்ட் பில்லும் இன்டர்நெட் கட்டணமும் யார் தலையில்?

நெல்லைச் சீமையில் பீடி சுற்றும் தாய்மார்களைக் கேளுங்கள். இடமும் சுளகும் விளக்கும் அவர்களுடையவை. இலை குறைந்தால் கைக்காசு போட்டு வாங்குவதும் அவர்களே! இன்று படித்த நம் பிள்ளைகளுக்கும் அதே கதி.

போர்ச்சுகல் நாட்டில் 2021-ல் சட்டமே போட்டார்கள்: வீட்டு வேலையால் கூடும் மின்சார, இன்டர்நெட் செலவை முதலாளி கொடுத்தாக வேண்டும். சிறு முதலாளிக்குக் கட்டுப்படியாகாது என்பார்கள். காலி செய்த ஆபீஸ் அறையின் வாடகைப் பணம் எங்கே போயிற்றாம்?