வெம்ப்ளி மைதானத்தின் கதை



எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் வைத்திருந்தோம். வளைந்து செல்லும் பாதையில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆறு பையன்களை நிறுத்தினோம். வெளிக்கோட்டில் நின்றவன் மற்ற ஐவரையும்விட வெகு தூரம் முன்னால் நின்றான். அதைக் கண்டதும் உட்கோட்டில் நின்ற பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஸார், அவனுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? இது அநியாயம் அல்லவா?" என்றான்.

நல்ல கேள்விதான். ஆனால், மைதானம் என்பது எவ்விதம் அமைக்கப்படுகிறது என்று தெரிந்தால்தான் அதற்கு விடை விளங்கும். மைதானங்களிலும் கதையுள்ள மைதானமாகப் பார்த்துச் சொன்னால் உங்களுக்கும் சுவையாயிருக்கும். ஆகையால் இந்த வாரம் உங்களை லண்டன் மாநகரின் வடமேற்கே உள்ள வெம்ப்ளிக்கு அழைத்துச் செல்கிறோம்.

பிரிட்டிஷார் தங்கள் சாம்ராஜ்யத்தின் செல்வத்தையும் செல்வாக்கையும் உலகுக்குக் காட்ட 1924-ஆம் ஆண்டில் அங்கே ஒரு பெரிய பொருட்காட்சி நடத்தினார்கள். அதன் நடுநாயகமாகக் கட்டப்பட்டதே இந்த ஸ்டேடியம். முன்னூறே நாட்களில் வேலை முடிந்தது. முகப்பில் இரண்டு வெண்ணிறக் கோபுரங்கள் நின்றன. அதற்கு இட்ட பெயர் 'எம்பயர் ஸ்டேடியம்', அதாவது சாம்ராஜ்ய மைதானம். அந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

கோயில் தெப்பக்குளத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாற்புறமும் படிக்கட்டுகள், நடுவே தண்ணீர். தண்ணீர் இருக்கும் இடத்தில் பசும்புல் தரையை வைத்து, சதுரத்தின் மூலைகளை வளைத்து நீள்வட்டமாக்கி, படிகளின்மேல் ஜனங்களை உட்கார வைத்தால் அதுதான் ஸ்டேடியம். படிகள் மேலே போகப் போகச் செங்குத்தாக உயரும். முன்வரிசைக்காரர் தலை பின்வரிசைக்காரர் கண்ணை மறைக்கக் கூடாது அல்லவா?

நடுவிலுள்ள நீண்ட சதுரத்தில் கால்பந்தும் ஹாக்கியும் ஆடலாம். அதைச் சுற்றியுள்ள பாதையில் ஓடலாம். இரண்டு நேர்ப் பாதைகளும் இரண்டு அரைவட்டங்களும் சேர்ந்து அந்தப் பாதை ஆகிறது. ஒருமுறை சுற்றினால் 400 மீட்டர். இவ்வாறு ஒரே இடத்தில் பல விளையாட்டுகளுக்கு வசதி செய்வதில் செலவு மிச்சம். ஆனால் ஒரு குறையும் உண்டு. ஓட்டப் பாதை நடுவே புகுந்துகொள்வதால் கால்பந்து பார்க்க வந்தவர் சற்றுத் தூரத்திலிருந்தே பார்க்க வேண்டியிருக்கும்.

மைதானத்தைக் கட்டிவிட்டால் போதாது. ஜனங்கள் வந்து போகும் வழியையும் கட்ட வேண்டும். இதை வெம்ப்ளி முதல் நாளிலேயே கற்றுக்கொண்டது. 1923-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி அங்கே முதல் கால்பந்துப் போட்டி. பணம் கொடுத்து உள்ளே போனவர்கள் 1,26,047 பேர் என்பது கணக்கு. ஆனால் சுவரேறியும் வேலி தாண்டியும் புகுந்தவர்களைச் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். படிகளில் இடமில்லாமல் கூட்டம் புல்தரைக்கே வழிந்துவிட்டது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து அமர்ந்திருக்கிறார், ஆட இடமில்லை!

அப்போது ஸ்கோரி என்ற போலீஸ்காரர் 'பில்லி' என்னும் குதிரையின்மீது ஏறி வந்தார். அதட்டாமல், அடிக்காமல், குதிரையை மெல்ல மெல்ல நடத்திக் கூட்டத்தை அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு நகர்த்தினார். வேறு குதிரைப் போலீஸாரும் உதவினார்கள். சுமார் முக்கால் மணி நேரம் தாமதமாக ஆட்டம் தொடங்கிற்று. பில்லி உண்மையில் சாம்பல் நிறக் குதிரை. படத்தில் வெள்ளையாகத் தெரிந்தபடியால் அந்தப் போட்டிக்கு 'வெள்ளைக் குதிரைப் போட்டி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. மறு ஆண்டு முதல் அந்த இறுதிப் போட்டிக்கு முன்கூட்டியே டிக்கெட் வாங்கியவர்களை மட்டுமே உள்ளே விட்டார்கள்.

பொருட்காட்சி 1925-இல் முடிந்தது. பிறகு இவ்வளவு பெரிய மைதானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆண்டுக்கு இரண்டொரு பந்தாட்டத்தால் அதைக் காப்பாற்ற முடியுமா? பொருட்காட்சியில் புகையிலைக் கடையைக் கவனித்து வந்த ஆர்தர் எல்வின் என்பவர் 1927-இல் மைதானத்தைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, அங்கே வேட்டை நாய்களின் ஓட்டப் பந்தயத்தை ஆரம்பித்தார். வாரந்தோறும் கூட்டம் வந்தது, மைதானமும் பிழைத்தது. சாம்ராஜ்ய மைதானத்தைக் காப்பாற்றியவை நாய்கள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும்! 1966-இல் உலகக் கால்பந்துப் போட்டி நடந்தபோதுகூட, நாய்ப் பந்தயத்தை நிறுத்த மனமில்லாமல் ஓர் ஆட்டத்தை வேறு மைதானத்துக்கு மாற்றினார்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பின் 1948-இல் ஒலிம்பிக் பந்தயங்கள் லண்டனில் நடந்தன. அப்போது இங்கிலாந்தில் உணவுக்கே ரேஷன். புது ஸ்டேடியம் கட்ட ஏது பணம்? ஆகவே வெம்ப்ளியையே திருத்தினார்கள். நாயோடிய இடத்தில் நிலக்கரிச் சாம்பலைப் பரப்பி, மனிதர் ஓடும் பாதை அமைத்தார்கள். பல விளையாட்டுக்கும் இடங்கொடுக்கும் மைதானத்தின் பயன் அன்று நன்றாக விளங்கிற்று.

ஜூலை 29-ஆம் தேதி தொடக்க விழா. அணிவகுத்து வந்த நாடுகளில் சுதந்திர இந்தியாவும் ஒன்று. நாகர் குலத்தைச் சேர்ந்த கால்பந்துத் தலைவர் டாலிமெரன் ஆவோ நமது மூவர்ணக் கொடியை ஏந்தி நடந்தார். அதற்கு முன் 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் ஹாக்கியில் தங்கம் வென்றது நம் நாடுதான். ஆயினும் அப்போதெல்லாம் வெற்றிக்கு உயர்ந்த கொடி நம்முடையதன்று. அந்த மூன்று தடவையும் பிரிட்டன் ஹாக்கிக் குழுவை அனுப்பவும் இல்லை. ஆண்டவரும் ஆளப்பட்டவரும் ஒலிம்பிக் ஹாக்கித் தரையில் ஒருநாளும் நேருக்கு நேர் நின்றதில்லை.

அந்த நாள் 1948 ஆகஸ்டு 12-இல் வந்தது. இடம், அதே சாம்ராஜ்ய மைதானம். இறுதிப் போட்டி, இந்தியாவும் பிரிட்டனும். நாம் சுதந்திரம் பெற்று ஓராண்டு நிறைய இன்னும் மூன்றே நாட்கள். தரை நனைந்து கனத்திருந்தது. காய்ந்த தரையில் பழகிய நம்மவர்களுக்கு அது சாதகமானதன்று. கிஷன் லாலின் தலைமையில் பதினொருவரும் ஆடினார்கள். பல்பீர் சிங் இரண்டு கோல்கள் போட்டார். திர்லோசன் சிங்கும் பாட் ஜான்ஸனும் ஆளுக்கு ஒன்று போட்டார்கள். நமக்கு நான்கு; அவர்களுக்கு ஒன்றுமில்லை. சாம்ராஜ்யத்தின் பெருமைக்காகக் கட்டிய மைதானத்தில், சாம்ராஜ்யத்தை விட்டு விடுதலை பெற்ற தேசத்தின் கொடி ஏறிற்று. பார்த்துக்கொண்டிருந்த ஆங்கிலேயர்களும் அவ்வெற்றியை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஏனென்றால் கோல் கம்பம் இரு பக்கமும் ஒரே அளவு, பந்து ஒன்று, விதியும் ஒன்று.

பழைய வெம்ப்ளி இன்று இல்லை. 2000-ஆம் ஆண்டில் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது; இரட்டைக் கோபுரங்களும் போயின. அதே இடத்தில் 2007-இல் புதியது திறக்கப்பட்டது. அதில் 90,000 பேர் உட்காரலாம். 133 மீட்டர் உயரமுள்ள ஓர் இரும்பு வளைவு கூரையைத் தாங்குவதால், பார்ப்பவர் கண்ணை மறைக்க ஒரு தூண்கூட இல்லை. புல்லுக்கு வெயில் படவேண்டுமென்று கூரையின் பகுதிகளை நகர்த்தவும் வசதி உண்டு.

இப்போது நம் பையனின் கேள்விக்கு வருவோம். ஒரு காகிதத்தில் நீள்வட்டம் ஒன்று வரையுங்கள். அதற்கு வெளியே, சிறிது இடம் விட்டு, இன்னொன்று வரையுங்கள். இரண்டின்மேலும் நூலை வைத்து அளந்து பாருங்கள். வெளிக்கோட்டுக்கு நூல் அதிகம் பிடிக்கும். ஆகையால் எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் வெளியே ஓடுகிறவனுக்குத் தூரம் கூடிவிடும். 400 மீட்டர் ஓட்டத்தில் எட்டாவது கோட்டுக்காரர் முதல் கோட்டுக்காரரைவிடச் சுமார் 53 மீட்டர் முன்னால் நிற்பது அதனால்தான். ஓடி முடித்த பின் கணக்குப் பார்த்தால் இருவர் ஓடியதும் ஒரே தூரம்.

இதை நம் பையனுக்கு நூலை வைத்தே காட்டினோம். அவன் அளந்து பார்த்தான்; மறுபடியும் அளந்தான். பிறகு, "சரி ஸார், இப்போது ஓடுகிறேன்" என்று போய்த் தன் கோட்டில் நின்றுகொண்டான். நியாயமான தரை கிடைத்துவிட்டால் பிறகு நாம் செய்ய வேண்டியது அது ஒன்றுதான், குழந்தைகளே!